ஆறுமுகம் என்று யாரும் கூப்பிடாத வீடு

"அருமுகாம்!"

அதிகாரி மறுபடியும் கூப்பிட்டார். பையன் திரும்பவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். எட்டு வயது இருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் சந்தனம், புதுச் சட்டை. விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் காலருக்கு வெளியே இன்னும் தொங்கியது.

"அருமுகாம்! மாரி சினி!" இங்கே வா என்கிறார்.

ஊஹும். ஜிப்தான் முக்கியம்.

அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். பையன் சட்டென்று திரும்பி, அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஆக, காதில் ஒரு குறையும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை ஏதோ குறித்துக்கொண்டார்.

"புவான், நீங்க கூப்பிட்டுப் பாருங்க" என்றார் அதிகாரி மலாயில், பையனின் தாயிடம். புவான் என்றால் அம்மணி, ஆண் என்றால் துவான். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

தாயின் பெயர் பாக்கியம். வாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். பிறகு எழுந்து போய் மகனின் தோளைத் தொட்டாள். அவன் உடனே எழுந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"தொடாம, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சத்தம் வரவேண்டுமே!

அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். "தன் பேரே தெரியாத பிள்ளையை வகுப்பில் வைத்து டீச்சர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும். அடுத்த வருஷம் பார்ப்போம். தாக் அப்பா, புவான்?" என்று மென்மையாகத்தான் கேட்டார். பரவாயில்லையா என்று அர்த்தம்.

"தாக் அப்பா" என்றாள் பாக்கியம்.

எனக்கு வந்ததே கோபம்!

அது மூன்றாவது 'அடுத்த வருஷம்'. கிள்ளானில் ஒரு பள்ளியில் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சிறப்பு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியை, கைவிரலில் அடங்கும் பிள்ளைகள். பிறந்த அன்றைக்கே டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிட்ட பிள்ளைக்கு அந்த வட்டாரத்தில் வேறு இடமே கிடையாது. வயது ஏற ஏற அந்தக் கதவும் சாத்திக்கொண்டே வரும். பாக்கியத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. தெரிந்துமா தாக் அப்பா?

நடைவழிக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, பெத்த பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிட உனக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"முடியாதுக்கா" என்றாள்.

"என்ன முடியாது?"

"முடியாதுக்கா. விடுங்க."

நான் விடுகிற ஜாதியில்லை. திரும்ப உள்ளே போனேன். "துவான், அடுத்த வருஷம் வேண்டாம். பள்ளி விடுமுறைக்கு முன்னால் இன்னொரு தடவை பாருங்கள். அதற்குள் பேர் தெரிந்திருக்கும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆசிரியையைப் பார்த்தார். பேர் தெரிந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எப்படி நிறைவேற்றுவது என்று ஒரு மண்ணும் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாடி

வாரா வாரம் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான், புதியவர்களுக்காக இரண்டு வரி. நான் கோர்ட்டில் ஜுருபாசா, அதாவது மொழிபெயர்ப்பாளர். அடுத்தவர் பேச்சைப் பேசியே சம்பளம் வாங்கினவள். எழுபதுகளில் சேர்ந்தேன். எண்பதுகளில் ஒருநாள், அக்கம்பக்கத்து அம்மா ஒருத்தி, "கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வந்து மலாய்ல பேசிக் கொடுங்கக்கா" என்று கூப்பிட்டாள். போனேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறை. சனிக்கிழமை மதியம் பெற்றோர் கூடுவார்கள். கீழேயிருந்து தையல் இயந்திரச் சத்தம், எதிர்ப் பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம், நடுநடுவே ரயில். ரயில் போகிறபோது எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். பிள்ளைகள் தரையில் விளையாடுவார்கள். நாங்கள் ஒத்திகை பார்ப்போம்.

ஆமாம், ஒத்திகைதான். நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பாசாரில் மீன்காரனோடு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பார்கள். ஒரு மேசை, அதற்குப் பின்னால் டை கட்டின ஓர் ஆள் என்றால் போதும், முதுகு தானாக வளைந்துவிடும். உட்காரச் சொன்னாலும் நிற்பார்கள். 'அடுத்த வருஷம்' என்றால் 'தாக் அப்பா' என்பார்கள். நன்றி வேறு சொல்லிவிட்டு வருவார்கள்.

அதனால் நான் மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன், அது எனக்கு இயல்பாகவே வரும். பெற்றோர் ஒவ்வொருவராக வரவேண்டும். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். ஏன் இல்லை என்று காரணம் கேட்க வேண்டும். அடுத்தது யாரைப் பார்க்கணும் என்று கேட்க வேண்டும். 'தாக் அப்பா' சொன்னால் ஆட்டம் காலி, திரும்ப வாசலிலிருந்து வர வேண்டும்.

பஸ் ஓட்டுகிற ஒருவர், "நான் ஒரு தடவை அதிகாரியா உக்காரட்டா?" என்று ஆசைப்பட்டார். சரி என்றோம். மனுஷன் என்ன கேட்டாலும் இல்லை, கிடையாது, முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மறுக்கிறார். கடைசியில் அவர் மனைவியே, "போய்யா, நீயும் உன் ஸ்கூலும்!" என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

அந்த அறையிலேயே கெட்டிக்காரி யார் தெரியுமா? பாக்கியம். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து மகனையும் இழுத்துக்கொண்டு வருவாள். என்னை எதிர்த்து ஒத்திகையில் அப்படிப் பேசுவாள். மூன்றாவது தடவையாவது தைரியமாகப் போகவேண்டும் என்றுதான் இந்த முறை என்னைத் துணைக்கு அழைத்தாள். அப்படிப்பட்டவள் உண்மையான மேசைக்கு முன்னால் ஊமையாக நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதற்கும் ஒத்திகை வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

மேலொண்ணு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். வெயில் பிளந்தது. அவர்கள் வீடு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு. வாசலில் முருங்கை, அதன் கீழே பாக்கியத்தின் கணவர் குமாரின் மோட்டார் சைக்கிள். குமார் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

ஹாலில் சாய்வு நாற்காலியில் பாக்கியத்தின் மாமனார் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் தண்டவாள வேலையில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை, வெள்ளைப் பனியன். கூலியாட்களை அதட்டி வேலை வாங்கின குரல் அப்படியே இருந்தது. "வாங்கம்மா, உக்காருங்க" என்றபோதே எனக்கு உட்காரத் தோன்றிவிட்டது.

பாக்கியம் வாழைப்பழப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பையனுக்கு என்னைக் கண்டதில் ஏக சந்தோஷம். பலகாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்து எண்ண ஆரம்பித்தான். நாக்கு தடித்த பேச்சுதான், ஆனால் நிதானமாகச் சொன்னால் நன்றாகவே புரியும்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. மேலொண்ணு. ஏழு."

"ஐயோ போதும்டா சாமி! என்னது, அஞ்சுக்கு அப்புறம் என்ன?"

"மேலொண்ணு" என்றான், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அம்மா."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். முகம் சிவந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். "ஏன் பாக்கியம், ஆறு எங்க போச்சு?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் ஹால் பக்கம் போய்த் திரும்பியது. பெரியவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குமாரிடம் திரும்பி, "தம்பி, உங்க அப்பா பேர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தடவை தகப்பனைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "எம் மகன் பேருதான்" என்றார்.

தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர். அதில் என்ன அதிசயம்? பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததுதானே. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆறுமுகம் என்று சொல்லக்கூடாது, அந்தப் பயத்தில் ஆறு என்றும் சொல்வதில்லை. அஞ்சுக்கு மேலே ஒன்று, மேலொண்ணு. மகனைத் தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அவளுக்கு அவன் 'தம்பி'தான்.

சரி, மற்றவர்கள்? தகப்பன் அவனை 'ராஜா' என்பார். பெற்ற அப்பனின் பெயரை, அப்பன் எதிரிலேயே, 'டேய் ஆறுமுகம்' என்று கூப்பிட முடியுமா? தாத்தா 'பேராண்டி' என்பார். அக்கம்பக்கமெல்லாம் அம்மாவைக் கேட்டு 'தம்பி'. மளிகைக்கடைச் சீனருக்கு அவன் இங்கிலீஷில் 'பாய்', பையன். பிறந்து எட்டு வருஷமாக அந்தப் பிள்ளையை அவன் பெயர் சொல்லி ஒரு ஜீவன் கூப்பிட்டதில்லை. அவன் எப்படித் திரும்புவான்?

தட்டில் பலகாரம் ஆறிப்போனது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்த மலை எங்கே இருக்கிறது?

இத்தனைக்கும் நான் கோர்ட்டில் பார்க்காததா? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வழக்கு. வேலித் தகராறு. சாட்சிக்கூண்டில் ஓர் அம்மா, காதில் தோடு, கையில் கைக்குட்டை. கணவர் பெயரைக் கேட்டார் மாஜிஸ்திரேட்.

அந்த அம்மா நெளிந்தாள். பிறகு என்னிடம், "முருகன் கோவிச்சுக்கிட்டுப் போய் ஆண்டியா நின்னாரில்ல, அந்த மலை" என்றாள்.

நான் சத்தியம் செய்து வேலைக்கு வந்தவள். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்க வேண்டும். எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நான் கேட்டது பெயர், முகவரி இல்லை. அந்த மலை எங்கே இருக்கிறது?" என்றார்.

"எங்கே இருக்குன்னு கேக்குறாரும்மா."

"அதோ, மூணாவது பெஞ்சில உக்காந்திருக்காரே" என்றாள்.

பழனி எழுந்து கும்பிட்டார். கோர்ட்டே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அளவில் அவள் சரியாகத்தான் நடந்துகொண்டாள்.

இதை மூடப்பழக்கம் என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிடலாம். எனக்கு மனம் வராது. என் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. அது அந்தப் பெண்களுக்கு மரியாதை, அன்பும்கூட. ஆனால் பெரியவருக்குச் செய்கிற மரியாதை ஒரு சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைத் தின்னப் பார்க்கிறதே! அதற்கு நான் சும்மா இருக்க முடியுமா?

குசுகுசுப் பாடம்

"அக்கா, டீச்சரையே 'தம்பி'ன்னு கூப்பிடச் சொல்லிரலாமே" என்றாள் பாக்கியம், பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே.

"கிளாஸ்ல இன்னொரு தமிழ்ப் பையன் வந்தா? அவனும் அவங்க வீட்டுல தம்பிதான். சரி, அத விடு. ஒருநாள் பாசார்ல கைய விட்டுட்டு ஓடிப் போயிடுறான்னு வையி. போலீஸ்காரர் பேர் கேப்பாரு. உம் பிள்ளை தம்பின்னு சொல்லுவான். கிள்ளான்ல எத்தனை தம்பி இருக்கான் சொல்லு பாப்போம்?"

அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பயம் அவளுக்கு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். "சொல்லித் தரேன்கா" என்றாள்.

சொல்லியும் கொடுத்தாள். எப்படி? அடுத்த முறை போனபோது பெருமையாக என்னைக் குளியலறைப் பக்கம் அழைத்துப் போனாள். பையன் வாளித் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூச்சுக் காற்றிலேயே, "ஆறுமுகம்" என்றாள்.

பையன் பட்டென்று திரும்பினான். திரும்பி, விரலை வாயில் வைத்து, "உஷ்!" என்றான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சற்றுத் தள்ளி நின்று அதிகாரியின் குரலில், "அருமுகாம்!" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. குசுகுசுவென்று சொன்னால்தான் அது அவன் பெயர். சத்தமாகச் சொன்னால் வேறு யாரோ.

"இதுக்கு மேல என்னால முடியாதுக்கா. மாமா காதுல விழுந்துருச்சுன்னா நான் எப்படி அவரு மூஞ்சியில முழிப்பேன்?"

"அப்ப நான் போய்ப் பேசுறேன்."

"ஐயோ அக்கா, வேணாம்!"

நான் அதற்குள் ஹாலுக்கு வந்திருந்தேன்.

பெரியவரும் நானும்

விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அலுவலகத்தில் நடந்தது, வகுப்பில் மிச்சமிருக்கிற கொஞ்ச இடம், பெயருக்குத் திரும்பாவிட்டால் கிடைக்காது என்பது, எல்லாம். "அதனால பாக்கியம் இந்த வீட்டுல உங்க பேரை வாய்விட்டுக் கூப்பிடணும், ஐயா. சத்தமா. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது."

பெரியவர் வானொலியை அணைத்தார். "எங் காது கேக்க, எம் மருமக, 'ஆறுமுகம் இங்க வாடா'ன்னு கூப்பிடணும். நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அப்படித்தானேம்மா?"

"அப்படித்தான்."

"நல்லா இருக்கே நீங்க சொல்றது!" குரல் எகிறியது. பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. "இந்தப் பேர அவனுக்கு வைக்க வேணாம்னு எங்கூடப் பொறந்தவனே சொன்னான், தெரியுமா உங்களுக்கு? இப்படிப் பொறந்த பிள்ளைக்கு எதுக்கு உங்க பேரு, அடுத்த பேரனுக்கு வைக்கலாம்னான். அன்னைக்கு அவன வாசலோட போகச் சொன்னேன். எம் பேரனுக்கு எம் பேருதான்னு நாந்தான் வச்சேன். நீங்க வந்து எனக்குப் பாடம் சொல்றீங்களா?"

மண்டோர் கோபமாக இருக்கிறார் என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தக் கோபத்துக்குள்ளே இருந்தது பேரன் மேல் வைத்த ரோஷம்.

ஆனால் பின்வாங்கினால் நான் நானில்லை. "பேரக் குடுத்தீங்கல்ல ஐயா? குடுத்தது குடுத்ததுதானே? இன்னும் உங்க சட்டைப் பையிலயே வச்சிக்கிட்டிருக்கீங்க. எட்டு வருஷமா அவன் கைக்கு அது போய்ச் சேரவே இல்ல."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு வாசலையே பார்த்தார். நான் போய் வருகிறேன் என்றதற்கும் தலையாட்டவில்லை. பாக்கியம் வாசல்வரை வந்தவள், "இப்படிப் பண்ணிட்டீங்களேக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இடமும் போய், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நிம்மதியும் போய்விட்டால்?

மறுநாளே கோர்ட்டுக்குப் போன் வந்தது. பாக்கியம்தான், பொதுத் தொலைபேசியிலிருந்து.

"அக்கா! மாமா மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் சட்டையப் போட்டாரு. குடைய எடுத்தாரு. 'நான் ஒட்டுக்கடைக்குப் போறேன், தே குடிச்சிட்டுச் சாயங்காலந்தான் வருவேன்'னு சத்தமாச் சொல்லிட்டுப் போறாருக்கா. அவரு வெயில்ல வெளிய போறதே கிடையாது!"

"அப்புறம் என்ன லா, எனக்கு எதுக்குப் போன் பண்ணிக்கிட்டிருக்க? போய்க் கூப்பிடு!"

தெருவே கூப்பிட்டது

முதல் நாள் குரலே வரவில்லையாம். இரண்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாளாம். மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும், துணி காயப்போட வரும்போதெல்லாம் அவரும், "அருமுகாம்!" அவர் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும், "அருமுகாம்!" சீனர் கடைக்குப் போனால் அங்கேயும். அதுவும் நல்லதாகப் போயிற்று. அதிகாரி எந்த ராகத்தில் கூப்பிட்டாலும் பையனுக்குப் பழகியிருக்கும்.

பெரியவர் தினமும் மத்தியானம் குடையோடு கிளம்பினார். சாயங்காலம் திரும்பும்போது வாசலிலேயே நின்று பலமாகத் தொண்டையைச் செருமுவாராம். பாக்கியம் உடனே 'தம்பி'க்கு மாறிவிடுவாள்.

நான் போய்ப் பார்த்தபோது பையன் முருங்கை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஓசைப்படாமல் வந்து கூப்பிட்டேன். திரும்பினான். "என்ன?" என்றான் அலுப்போடு. தெருவே கூப்பிட்டு அவனைச் சலிக்க வைத்திருந்தது. நான் அவனை அப்படியே கட்டிக்கொண்டேன்.

மறுபடியும் அந்த மேசை

விடுமுறைக்கு முன்னால், சொன்னபடி கூட்டிக்கொண்டு போனோம். குமார் லோரிக்கு லீவு போட்டிருந்தார். கிளம்புகிற நேரத்தில் பெரியவரும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றாராம். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

நடைவழி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பியூன் கதவைத் திறந்து, "அருமுகாம்!" என்றான்.

பெரியவர் பாதி எழுந்துவிட்டார். ஆயுசு முழுக்கப் பழகின காது, என்ன செய்யும்? அதற்குள் பையன், "ஆ!" என்று கையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே ஓடினான். பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவோரமாக வந்து நின்றார்.

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பினான். ஆசிரியை கூப்பிட்டார், போய் நின்றான். பென்சில்களைக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள், தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள். பையன் கணீரென்று எண்ணினான். அஞ்சு வந்தது. "மேலொண்ணு" என்றான்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். "எனாம்" என்று மொழிபெயர்த்தேன், மலாயில் ஆறு. அஞ்சுக்கு மேல் ஒன்று ஆறுதானே? எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

அதிகாரி சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல பிள்ளை. நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள். ஆனால் வகுப்பு நிரம்பிவிட்டது. அடுத்த வருஷம் முதல் இடம் இவனுக்குத்தான். தாக் அப்பா, புவான்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். பாக்கியம் முந்திக்கொண்டாள்.

"தாக் போலே, துவான்."

முடியாது என்கிறாள்! நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டாள். தனக்குத் தெரிந்த பாசார் மலாயிலேயே பேசினாள். பேர் தெரிந்தால் கூட்டிக்கொண்டு வா என்றீர்கள், தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாக அடுத்த வருஷம் என்கிறீர்கள், அந்த வருஷம் இதுதான். இடம் இல்லையென்றால் அதைச் சொன்னவர் யார், அவருக்கு மேலே யார், நான் போய்ப் பார்க்கிறேன். அதுவரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். மலாய் அங்கங்கே உடைந்தது. குரல் உடையவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மொழிபெயர்க்க எனக்கு என்ன இருந்தது?

ஆசிரியைதான் மெதுவாகச் சொன்னார். "வகுப்பில் ஒரு பழைய அலமாரி இருக்கிறது. அதை வெளியே போட்டால் இன்னொரு மேசை நுழையும், துவான்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். கண்ணாடியை மாட்டினார். ஒரு தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். பெயர் அவர் எதிரிலேயே இருந்தது. இருந்தாலும் வழக்கப்படி தாயைப் பார்த்து, "பிள்ளையின் பெயர்?" என்று கேட்டார்.

குமார் சொல்வதற்கு வாயெடுத்தார். எட்டு வருஷமாக இந்த மாதிரி அலுவலகங்களில் அவர்தான் சொல்லி வந்தவர். பாக்கியம் அவர் கையை அழுத்தி நிறுத்தினாள். கதவோரம் நின்ற மாமனாரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"ஆறுமுகம்" என்றாள், பாதிக் குரலில்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

கதவோரத்திலிருந்து பெரியவர் சொன்னார்: "சத்தமாச் சொல்லும்மா. அவருக்குக் கேக்கல."

பாக்கியம் சொன்னாள். கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.